மியூட் போட மறந்த சமையலறை

வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தேகால்.
சத்துவாச்சாரி ஃபேஸ் டூ, மாடி அறை.
ஏசி ஓடியும் சுவர் சுடுகிறது.
கத்திரி முடிய இன்னும் ஒன்பது நாள்.

தலைமை அலுவலகம் அனுப்பிய கோப்பில்
பாராட்டுக்கென்று ஒரு ஸ்லைடு.
தங்கநிறக் கோப்பை, தூவிய காகிதப்பூ,
'இம்மாத நட்சத்திரம்',
கீழே பெயருக்கு ஒரு காலிக் கட்டம்.
போன மாதம் ரிஸ்வானாவுக்கு அனுப்பியபோது
பழைய பெயரை அழிக்க மறந்துவிட்டேன்.
யாருக்கோ போக வேண்டிய கோப்பையை வாங்கிக்கொண்டு
'தேங்க்யூ சார்' என்று எழுதியிருந்தாள்.

பதினொரு பேர்.
எங்கோ ஒரு தேசத்து ஆஸ்பத்திரி பில்களை
வரி வரியாய்ச் சரிபார்த்து இன்சூரன்ஸுக்கு ஏற்றுகிறவர்கள்.
மூன்று வருடத்தில் நான் நேரில் பார்த்தது இரண்டு பேரை.
மற்றவர்கள் எனக்கு ஓசை.

காட்பாடி யுவராஜ் என்றால்
வாக்கியத்தின் நடுவே ஒரு ரயில்.
அது போகும்வரை அவன் காத்திருப்பான், நாங்களும்.
பேரணாம்பட்டு ரிஸ்வானா என்றால்
பாங்கு கேட்கத் தொடங்கியதும் ஒரு மியூட்,
சரியாகப் பதினைந்தாவது நிமிடம் பச்சைப் புள்ளி.
பாகாயம் பியூலாவுக்குக் கைக்குழந்தை.
சிரிப்புக் கேட்டால் குழந்தை,
விசும்பல் கேட்டாலும் குழந்தைதான் என்று நினைத்திருந்தேன்,
ஏப்ரல் வரை.

ஒடுகத்தூர் தாட்சாயணியிடம்
ஓசையே கிடையாது.
'முடிச்சிட்டேன் சார்' என்பாள்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போடுவேன்.
நேற்று எண்ணிப் பார்த்தேன்:
இந்த வருடம் நூற்று முப்பத்தேழு கட்டைவிரல்.
சொல் ஒன்றுகூட இல்லை.

ஆபீஸ் என்று ஒன்று இருந்த காலத்தில்
கிரீன் சர்க்கிள் முனைக் கடையில் டீ வாங்கித் தருவேன்.
ஆளுக்கொரு சமோசா,
அவசரமாய் ஒரு 'சூப்பர்ப்பா'.
வேலை வீட்டுக்குள் வந்தபின்
நன்றியும் வீட்டு வழக்கத்துக்கு வந்துவிட்டது.
வீட்டில் யார் யாருக்குச் சொன்னோம்?
தட்டில் சோறு விழுந்ததும்
குழம்பைத்தானே தேடுகிறது கை.

செவ்வாய் இரவு கோடைமழை.
மரம் விழுந்து ஒடுகத்தூர் பக்கம் முழுக்க இருட்டு.
ஒன்பதரைக்குத் தாட்சாயணி அழைத்தாள்.
முதல்முறையாக அவளுக்குப் பின்னால் ஓர் ஊர் கேட்டது:
கொத்துப் பரோட்டாவின் டக்கடக்,
ஒரு விசில்,
'ஊசூர், வேலூர், கடைசி வண்டி' என்று கண்டக்டர் குரல்.
'கொஞ்சம் லேட்டாகும் சார்' என்றாள்.
சரி என்றேன்.
பதினொன்றே முக்காலுக்கு ஐம்பத்திரண்டு பில்களும் வந்து சேர்ந்தன.
நூற்று முப்பத்தேழாவது கட்டைவிரல் அதற்குத்தான்.

இன்று அந்த ஸ்லைடைத் தள்ளிவிட்டேன்.
'தாட்சாயணி, செவ்வாய்க்கிழமை
அந்தப் பரோட்டாக் கடையில
எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க?'

கட்டங்கள் அத்தனையும் அசையவில்லை.
'உங்களுக்கு எப்படி சார் தெரியும்?'

'சத்தம் கேட்டுச்சு.
அன்னைக்கே கேட்டிருக்கணும், கேக்கலை.
கடைசி பஸ்ஸையும் விட்டுட்டு
எப்படி வீட்டுக்குப் போனீங்கன்னும் கேக்கலை.
ஐம்பத்திரண்டுல ஒண்ணுகூடத் திரும்பி வரலை.
நன்றிம்மா.'
எழுதி வைத்திருந்ததில் பாதிதான் வாயில் வந்தது.

எங்கோ ஒரு மின்விசிறி.
யுவராஜின் ரயிலும் அந்த நேரம் பார்த்து வரவில்லை.

பிறகு ஒடுகத்தூரிலிருந்து,
மியூட் போட மறந்த ஒரு சமையலறை:
'யாருடி, ஆபீஸா? என்னவாம்?'
'அன்னைக்கு நல்லா செஞ்சேன்னு சொல்றாரும்மா.'
பாத்திரம் ஒன்றைக் கவிழ்க்கும் ஒலி.
'இப்பத்தான் தெரிஞ்சுதாமா அவருக்கு?'

ஒவ்வொரு கட்டமாய் மியூட் திறந்தது.
யுவராஜ், ரிஸ்வானா, பெயர் மட்டுமே தெரிந்த வாலாஜா பையன்,
எல்லாரும் சிரித்தார்கள்.
காது சுட்டது எனக்கு. ஆனாலும் சிரித்தேன்.
பாகாயத்திலிருந்தும் ஒரு சிரிப்பு.
குழந்தை இல்லை,
பியூலாதான்.